வைப்பர் ஓடவில்லையென்றால் பியூஸைப் பெரிதாக்காதீர்கள்

மாரி தொடங்கினால் எங்கள் கராஜுக்கு முதலில் வருவது வைப்பர் பிரச்சினைதான். வரட்டும், அது எங்கள் வேலை. ஆனால் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் செருகிக்கொண்டு வருகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன கிழமை கல்முனைப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன். டாஷ்போர்டுக்குக் கீழே பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் எரிந்த பிளாஸ்டிக் மணம் முகத்தில் அடித்தது. வைப்பர் பியூஸின் இடத்தில் முறுக்கிய கம்பி. அதிலிருந்து போகும் வயர்களின் உறை உருகி, பக்கத்து வயர்களும் சேர்ந்து ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தது.

“தம்பி, பியூஸ் போட்டுப் போட்டுப் பார்த்தம், நிக்குதில்ல. அதான் ஒருத்தர் இனிப் போகாத மாதிரி ஒண்டு போட்டுத் தந்தார்” என்றார் ஓட்டுநர். நல்ல மனிதர், ஏமாற்றத் தெரியாதவர். மழைக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டுமென்ற அவசரம் அவருக்கு. அந்தக் கம்பியைப் போட்டுக் கொடுத்தவர் மேல்தான் எனக்குக் கோபம்.

பியூஸ் எதற்காக இருக்கிறது? வைப்பரை ஓட வைக்க அல்ல. அந்த வயர் எவ்வளவு மின்சாரம் தாங்குமோ, அதைத் தாண்ட விடாமல் அறுந்துபோவதற்காக. 20 அம்பியர் போடச் சொல்லியிருந்தால் வயரின் தடிப்பும் அதற்கேற்றபடிதான் இருக்கும். எங்கோ வைப்பர் இறுகிவிட்டது, மோட்டர் சுற்ற முடியாமல் நின்றபடி பல மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது, பியூஸ் அறுகிறது. அங்கே 30 போட்டால், அல்லது கம்பி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் என்று எதையாவது திணித்தால், அறுக்க வேண்டிய நேரத்தில் அது அறாது. அப்போது சூடேறுவது வயர். அது பிளாஸ்டிக்கும் துணியும் நிறைந்த டாஷ்போர்டுக்குள், உங்கள் முழங்காலுக்கு முன்னால் ஓடுகிறது. ‘பெரிய பியூஸ் பலமான பியூஸ்’ என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

நிறத்தைப் பார்த்தாலே தெரியும்: 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. உங்கள் வாகனத்துக்கு எது என்பது பெட்டி மூடியில் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வாகனமென்றால் எழுத்து புரியாது. வைப்பர் படத்தையும் எண்ணையும் பார்த்தால் போதும். அறுந்த பியூஸுக்குப் பதிலாக அதே அளவில் ஒன்று போடலாம். அதுவும் அறுந்தால் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது பியூஸ் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

காரணம் பெரும்பாலும் முன் கண்ணாடிக்குக் கீழே, பொனட்டின் ஓரத்தில் இருக்கிறது. வேம்பு, மாமரத்தின் கீழ் நிறுத்தும் வாகனங்களில் அந்தக் குழிக்குள் சருகு நிறைந்து, மக்கி, தண்ணீர் வடியும் துவாரத்தை அடைத்துவிடும். மோட்டரின் சுழற்சியை வாங்கி வைப்பர் கைகளை ஆட்டும் இணைப்புக் கம்பிகள், அதாவது லிங்கேஜ், அதற்குள்ளேதான் இருக்கிறது. கல்லடி, காத்தான்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்தால் அதன் அச்சுகள் துருவேறி இறுகிவிடும். மோட்டர் முனையிலிருந்து லிங்கேஜைக் கழற்றிக் கையால் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடினமாக அசைந்தால் கோளாறு லிங்கேஜில். மோட்டரைக் குறை சொல்லாதீர்கள். இதைப் பார்க்காமலே நல்ல மோட்டரைத் தூக்கிவிட்டுப் பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். சில நாளில் அதுவும் எரிகிறது.

பியூஸ் நன்றாக இருந்தும் ஓடவில்லையா? சுவிட்சைப் போட்டுக் காது கொடுங்கள். மோட்டர் சத்தம் கேட்டும் கை அசையாவிட்டால், கையின் நட்டு தளர்ந்திருக்கும், அல்லது லிங்கேஜின் குண்டுமூட்டு கழன்றிருக்கும். சத்தமே இல்லையென்றால் மோட்டர் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். வராவிட்டால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), வைப்பர் சுவிட்ச், இடைவயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். வந்தும் ஓடவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது, மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழியான எர்த் வயர். வாகனத்தின் இரும்பு உடலில் முறுக்கியிருக்கும் அந்த முனை இங்கே பச்சை பிடித்துப் போவது சாதாரணம். சுரண்டித் துடைத்து இறுக்கினால் பல வைப்பர்கள் அந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிடும். எர்த்தும் சரி, மோட்டரை மெல்லத் தட்டினால் ஓடுகிறது, அப்புறம் நிற்கிறது என்றால் உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது மோட்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

புதிய வாகனங்கள் சிலவற்றில் வைப்பரை இயக்குவது கணினிப் பெட்டி. அவற்றில் வயரை வெட்டி நேரடியாகக் கொடுக்கும் வேலையே வேண்டாம். ஸ்கேன் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

லிங்கேஜுக்குள் கை விடுமுன் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சுவிட்ச் போட்டபடி இருந்து திடீரென்று ஓடினால் விரல் நசுங்கும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். நடுவழியில் நின்றுவிட்டால், கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு இரவு மழையில் ஓட்டிப் பார்க்கும் துணிச்சல் வேண்டாம். ஓரமாக நிறுத்தி, நான்கு சிக்னலையும் போட்டுவிட்டு மழை குறையும்வரை இருங்கள்.

பழைய வாகனம் வாங்கியவர்கள், வேறு கராஜில் வயரிங் வேலை செய்தவர்கள், இன்றைக்கே பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். கம்பியோ தாளோ இருந்தால் பிடுங்கிவிட்டு, சரியான பியூஸைப் போடுங்கள். உருகிய தடமோ எரிந்த மணமோ இருந்தால் எதையும் போடவேண்டாம், பற்றரியைக் கழற்றிவிட்டு மின்வேலை தெரிந்தவரை வாகனம் நிற்கும் இடத்துக்கே அழையுங்கள்.