நாஸ்டால்ஜியா: ஓடாத படத்தின் மேல் ஒட்டிக்கொண்ட பிரியம்

“பாபா திரும்ப தியேட்டர்ல வருது, செம நாஸ்டால்ஜியா!” இந்த வாக்கியம் இன்று யாருக்கும் புரியும். இதையே தமிழில் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். ‘பழைய நினைவு’ என்றால் பாதிதான் வருகிறது. ‘ஏக்கம்’ என்றால் மறுபாதி மட்டும் வருகிறது. இரண்டு பாதியும் சேர்ந்ததுதான் இந்தச் சொல்.

நாஸ்டால்ஜியா என்பது பெயர்ச்சொல். இனித் திரும்பாத ஒரு காலத்தை, பெரும்பாலும் சொந்தச் சிறுவயதை, நினைக்கும்போது இனிப்பும் வலியும் ஒருசேர எழும் உணர்வு என்பது இன்றைய பொருள். இனிப்பு மட்டும் இருந்தால் அது வெறும் நினைவு. வலி மட்டும் இருந்தால் துக்கம். ‘நாஸ்டால்ஜிக்’ என்பது இதன் உரிச்சொல். “எனக்கு நாஸ்டால்ஜிக் வந்துடுச்சு” என்பது பிழை. “நாஸ்டால்ஜிக்கா இருக்கு” என்றால் சரி.

சொல்லைப் பார்த்தால் ஹோமர் காலத்துக் கிரேக்கம்போல இருக்கும். உண்மையில் அது 1688இல் ஒரு மருத்துவ மாணவர் செய்து வைத்த சொல். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற பத்தொன்பது வயது இளைஞர் தம் ஆய்வேட்டுக்காக இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டினார். ஒன்று நோஸ்டோஸ், அதாவது வீடு திரும்புதல். போர் முடிந்து ஹோமரின் காப்பிய நாயகன் ஒடிசியஸ் ஊர் திரும்பும் பயணத்துக்குக் கிரேக்கர் சொன்ன சொல் அதுவே. மற்றொன்று அல்கோஸ், அதாவது வலி. நரம்பு வலிக்கு மருத்துவர் எழுதும் நியூரால்ஜியாவிலும் வலி நிவாரணி என்று பொருள்படும் அனால்ஜெசிக்கிலும் உட்கார்ந்திருப்பது இதே ‘அல்கோஸ்’தான்.

ஹோஃபருக்கு இது கவிதை அல்ல, நோய். ஜெர்மன் பேசும் சுவிஸ் மக்கள் ‘ஹைம்வே’ என்று சொல்லிவந்த வீட்டு ஏக்கத்துக்கு மருத்துவப் பெயர் இல்லையே என்றுதான் புதுச்சொல் தேடினார். பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து படுத்த படுக்கையான ஒரு மாணவனை ஏட்டில் காட்டுகிறார். ஊருக்கு அழைத்துப் போகிறோம் என்று வண்டியில் ஏற்றியதும் அவன் தேறத் தொடங்கிவிட்டான். நம் வீடுகளில் இதற்குப் பல்கலைக்கழகமே தேவைப்பட்டதில்லை. தாய் வெளியூர் போய்விட்டால் பிள்ளைக்கு “ஏக்கத்துல காய்ச்சல் வந்துடுச்சு” என்பார்கள். ஹோஃபர் 1688இல் எழுதியது அந்த ஏக்கக் காய்ச்சலைப் பற்றித்தான்.

பிறகு சுவிஸ் கூலிப்படை வீரர்களின் நோய் என்று பெயர் பரவியது. மேய்ச்சல் பாட்டைக் கேட்டாலே படையை விட்டு ஓடிவிடுவார்கள் என்பதால் அதை இசைக்கத் தடை இருந்ததாகத் தத்துவஞானி ரூசோ தம் இசை அகராதியில் எழுதினார். சொல்லின் திசையை மாற்றக்கூடிய கருத்தைச் சொன்னவர் ஜெர்மன் தத்துவஞானி காண்ட். 1798இல் வந்த நூலில் அவர் ஒன்றைக் கவனிக்கிறார்: ஊருக்கு ஏங்கியவர்கள் ஊர் திரும்பியதும் ஏமாந்து போகிறார்கள், அந்த ஏமாற்றத்தாலேயே குணமும் ஆகிறார்கள். காரணம், அவர்கள் தேடிப்போனது ஊரை அல்ல, அங்கே கழித்த இளமையை. இடத்தின் மீதிருந்த ஏக்கம் காலத்தின் மீதான ஏக்கமாகும் வாசல் இதுதான். இருபதாம் நூற்றாண்டில் நோய்ப் பொருள் மங்கி, உணர்வுப் பொருளே நின்றது.

இப்போது பாபாவுக்கு வருவோம். 1999இல் வந்த படையப்பாவுக்குப் பின் மூன்றாண்டு இடைவெளி விட்டு, 2002 ஆகஸ்ட் 15 அன்று ரஜினிகாந்தின் சொந்தக் கதை, சொந்தத் தயாரிப்பாக, சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில் வெளியானது. விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள். வசூலும் எதிர்பார்த்தபடி வரவில்லை. விநியோகஸ்தர்களுக்கு ரஜினியே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அன்றைய பெரிய செய்தி. அந்தக் குறைகள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அன்று ஏழெட்டு வயதில் இருந்தவர்களுக்குக் கதையின் ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. கேட்டது கிடைக்கும் மந்திரம், வானத்தில் பறந்த பட்டம் கைக்கு வந்து சேர்வது, நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கிக் கட்டைவிரலால் பிடித்து மற்ற இரண்டையும் நிமிர்த்தும் அந்த முத்திரை: இவை போதும். முத்திரையை வகுப்பறையில் செய்ய முடியும். திரைக்கதையைச் செய்ய முடியாது. பிள்ளைகள் ஒரு படத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போவது கையில் அடங்குகிற பொருளைத்தான்.

அந்தப் பிரியத்துக்கு மேலும் சில காரணங்கள் உண்டு. திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதே விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968இல் காட்டினார். தேர்ந்தெடுத்துப் பார்க்கும் பெரியவர்களுக்கு இது குறைவாகவே நேரும். சேனல் போட்டதைப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் ஒரே படம் பத்துமுறை வாய்க்கும். அமெரிக்காவில் ‘ஹோகஸ் போகஸ்’ படத்துக்கு நடந்தது இதுவே. பேய்ப் பண்டிகையான ஹாலோவீன் அக்டோபர் கடைசியில் வரும். டிஸ்னி நிறுவனமோ அந்தச் சூனியக்காரிகள் படத்தை 1993 ஜூலை 16 அன்று, கோடை நடுவில் வெளியிட்டது. விமர்சகர்கள் திட்டினார்கள், தியேட்டரில் படுத்தது. பின்னர் அக்டோபர் தோறும் கேபிள் டிவியில் ஓடி ஓடி ஒரு தலைமுறையின் பண்டிகைப் படமாகிவிட்டது. 2022 செப்டம்பர் 30 அன்று இரண்டாம் பாகமே வந்தது. படத்தின் தரத்தில் எந்த மாற்றமும் இல்லை. பார்க்கும் நாள் சரியான நாளாக மாறியது, அவ்வளவுதான். நம் ஊரில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவி செய்தது இதே வேலை.

வயதும் இதில் கணக்கு. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்றவற்றைவிடக் கூடுதலாக வருகின்றன. இதை நினைவு மேடு எனலாம். அந்த மேட்டின் அடிவாரத்தில் பார்த்த படம் மற்றதைவிட ஆழமாகப் பதியும்.

திரும்பப் பார்க்கும்போது ஏன் சப்பென்று போகிறது? காண்ட் சொன்ன காரணம் ஒன்று. யாரும் கவனிக்காத இயந்திரக் காரணம் இன்னொன்று. சினிமா நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). இந்தியாவின் பழைய ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டகம். படத்தை டிவிக்கு மாற்றும்போது சட்டகத்துக்குச் சட்டகம் அப்படியே ஓட்டிவிட்டால் வேகம் 4 சதவீதம் கூடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் சற்று ஏறும். கேசட்டில் கேட்ட பாட்டும் டிவியில் கேட்ட பாட்டும் ஒத்துப்போகாததை உணர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இன்று ஓடிடியில் சரியான வேகத்தில் பார்க்கும்போது “இவ்வளவு இழுவையா இருந்துச்சா?” என்று தோன்றுவதில் கொஞ்சம் பங்கு இதற்கும் உண்டு. அடுத்தது சட்டகத்தின் அகலம். சினிமாஸ்கோப் படத்தின் விகிதம் 2.35க்கு 1. பழைய டிவிப் பெட்டி 4க்கு 3. பெட்டி நிறைய ஓட்ட வேண்டுமென்றால் படத்தின் அகலத்தில் 43 சதவீதம் போய்விடும். சிறுவயதில் பார்த்தது பாதிப் படம். மீதியை மனசு வரைந்துகொண்டது. விளம்பர இடைவெளியும் மின்வெட்டும் தின்ற காட்சிகள் தனி. ஆக, நினைவில் இருக்கும் படம் எந்த வட்டிலும் கிடைக்காது.

2022 டிசம்பர் 10 அன்று பாபா மறுவெளியீடு கண்டபோது படத்தை மறுபடி தொகுத்து, நிறம் சரிசெய்து, சில இடங்களுக்கு ரஜினி மீண்டும் குரல் கொடுத்திருந்தார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் முன்னேற்றம். ஆனால் ஏக்கத்துக்காக வருகிறவருக்கு மெருகு எதிரி. மனப்பாடமாக இருக்கும் வசனம் ஒரு மூச்சு தள்ளி வந்தாலே காது உறுத்தும். அவர் திருத்திய படத்தைப் பார்க்க வரவில்லை; 2002ஐப் பார்க்க வந்தார். 2001இல் நாஸ்டால்ஜியா பற்றி ஒரு முழு நூல் எழுதிய இலக்கிய ஆய்வாளர் ஸ்வெட்லானா போய்ம் இதை இரண்டாகப் பிரித்தார். இழந்ததை அப்படியே மீட்டுக் கட்ட நினைப்பது ஒன்று. திரும்பாது என்று தெரிந்தே அசைபோடுவது மற்றொன்று. மறுவெளியீடு முதல் வகைக்கு ஆசை காட்டுகிறது. இரண்டாம் வகைக்காரர்தான் மகிழ்ச்சியாக வீடு திரும்புகிறார். ஒரு படத்தைக் கிண்டலடித்து ரசிப்பதையும் இதோடு குழப்பக் கூடாது. அங்கே படத்துக்கு மேலே நின்று சிரிக்கிறோம். நாஸ்டால்ஜியாவில் படத்துக்குள் நின்றபடி, அதன் குறையையும் தெரிந்து வைத்திருக்கிறோம்.

தமிழில் இந்த உணர்வுக்குப் பஞ்சமில்லை. புறநானூறு 243ஆம் பாட்டு “இனி நினைந்து இரக்கம் ஆகின்று” என்று தொடங்குகிறது. மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, நீருக்கு மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மருள, ஆழ்நீர்க் குட்டத்தில் துடுமென்று குதித்து அடி மணலை அள்ளி வந்தது என்று அடுக்கி, “கல்லா இளமை அளிதோ தானே” என்று இரங்குகிறார் புலவர். பேசுகிறவர் இப்போது கோலூன்றி நடுங்கி, இருமலுக்கு இடையே சில சொல் பேசும் முதியவர். பாட்டில் வரும் ‘தொடித்தலை விழுத்தண்டு’ என்ற தொடரே புலவருக்குப் பெயராகிவிட்டது. நினைவும் வலியும் முதல் அடியிலேயே ‘நினைந்து இரக்கம்’ என்று கோத்துக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். ஹோஃபர் கிரேக்கத்திலிருந்து ஒட்டியதைவிட இது நன்றாகவே ஒட்டியிருக்கிறது. ‘கல்லா இளமை’யும் நம் விஷயத்துக்குக் கச்சிதம்: எது நல்ல படம் என்று இன்னும் கற்றுக்கொள்ளாத வயது. பாபாவை ரசித்தது அந்த வயதுதான்.

‘நினைந்து இரங்கல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்றால், சிக்கல் இருக்கிறது. இரங்கல் இன்று சுவரொட்டியில் கண்ணீர் அஞ்சலிக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். படத்துக்குப் பயன்படுத்தினால் யாரோ இறந்துவிட்டதாகப் படும்.

புழக்கத்தில் உள்ள மற்றவை: ‘மலரும் நினைவுகள்’ வானொலிக்கும் பத்திரிகைத் தொடருக்கும் பொருந்தும், அதில் வலி இல்லை. ‘பழமையேக்கம்’ என்றால் பித்தளைக் குத்துவிளக்கும் தேக்குத் தூணும் நினைவுக்கு வருகின்றன. 2002இல் வந்த படத்துக்குப் பழமை என்பது அதிகம். ‘கடந்தகால ஏக்கம்’ பொருளில் சரி, பேச்சில் நடக்காது. ‘நினைவேக்கம்’ நான்கும் தெரிந்த சொல்: இரு பாதியும் உண்டு, சுருக்கம் உண்டு, கேட்டதும் புரியும், வேற்றுமை உருபு ஏற்கும். உணர்வின் பெயராக எழுத வேண்டிய இடத்தில் இதையே எழுதலாம்.

அழகில் முதல் இடம் ‘நனவிடை தோய்த’லுக்கு. ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. தம் யாழ்ப்பாணத்து இளமை நினைவுகளுக்கு வைத்த தலைப்பு. ஈழத்தமிழரிடையே நாஸ்டால்ஜியாவுக்கு நேர்ச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தோய்தல் என்றால் தலைமுழுகிக் குளிப்பது. ஆகவே இது நினைவில் கால் நனைப்பதல்ல, முழுகி எழுவது. கவனிக்க வேண்டியது ஒன்று. ‘நனவு’ என்றால் நினைவு அல்ல, விழிப்பு. “நனவினால் நல்காதவரைக் கனவினால் காண்டலின் உண்டென் உயிர்” என்று குறள் (1213) கனவுக்கு எதிராக வைப்பது அதைத்தான். விழிப்பிலேயே மூழ்கிக் கிடப்பது என்று கொண்டால் பொருள் நன்றாகவே அமைகிறது. ‘நினைவிடை தோய்தல்’ என்று ‘திருத்தி’ எழுதுகிறவர்கள் சொல்லைக் கெடுக்கிறார்கள். அதோடு, இது செயலின் பெயர். “நனவிடை தோய்ந்தார்” சரி. “எனக்கு நனவிடை தோய்தல் வந்தது” சரியில்லை.

விடுதிப் பிள்ளையின் வீட்டு ஏக்கத்தை நாஸ்டால்ஜியா என்று எழுத வேண்டாம். பழைய மருத்துவப் பொருள் அதுதான் என்றாலும், இன்று அதற்கு ‘ஊர் நினைப்பு’, ‘வீட்டு நினைப்பு’ போதும். ‘நாஸ்டால்ஜியா ஹிட்ஸ்’ என்று வரும் பாட்டுத் தொகுப்பில் பெரும்பாலும் அது ‘பழைய பாட்டு’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. 2002க்குப் பின் பிறந்தவருக்குப் பாபா பிடித்திருந்தால் அது விருப்பம்; ஏங்குவதற்கு அவரிடம் அந்த ஆகஸ்ட் இல்லை. திரையில் வசன எழுத்து (சப்டைட்டில்) போடுகிறவருக்கு உரிச்சொல்தான் தொல்லை. தமிழ் இங்கே வினையைத்தான் விரும்பும்: “பழைய நினைப்பைக் கிளறுது”, “ஏக்கம் கிளப்புது”. தொடக்கத்தில் பார்த்த ‘செம நாஸ்டால்ஜியா’வைப் பேச்சுத் தமிழில் மாற்றினால் இப்படி வரும்: “அந்த முத்திரையப் பாத்ததும் அந்த வயசு ஞாபகம் வந்து என்னமோ பண்ணுது.” வலி, இனிப்பு என்று பிரிக்காமல் இரண்டையும் ‘என்னமோ’ என்பதற்குள் போட்டுவிடுகிறது.