பெட்டியில் இல்லாத மாத்திரை

என் அறைக்குள் வந்து உட்கார்ந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பையனின் வலது கை சட்டைப் பையின் மேற்புறத்தை அடிக்கடி தடவிக்கொண்டிருந்தது. மூன்று வாரங்கள் அங்கே மிஷனரிகள் அணியும் கறுப்புப் பெயர்ப்பட்டை இருந்திருக்கிறது. இப்போது இல்லை.

யூட்டா மாநிலத்தில் மனநல மருத்துவராக இருப்பவருக்கு இந்தக் கை பழக்கமானது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது பலரும் மார்மன் என்று சொல்லும் சபை, இங்கேதான் தலைமையகம் வைத்திருக்கிறது. பையன்கள் பதினெட்டு வயதிலேயே மிஷனரி ஊழியத்துக்குக் கிளம்பலாம் என்று 2012 அக்டோபரில் சபை அறிவித்தது. அதற்கு முன் பத்தொன்பது. ஆண்களுக்கு 24 மாதங்கள், பெண்களுக்கு 18 மாதங்கள். ஊழியக் களத்துக்குப் போகுமுன் பயிற்சி மையத்தில் சில வாரங்கள். பெரிய மையம் பிரோவோ நகரில் இருக்கிறது. மெக்சிகோ சிட்டி, மணிலா, இங்கிலாந்தின் பிரெஸ்டன் என்று வெளிநாடுகளிலும் உண்டு. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் அதன் பிள்ளைகள் பலர் என் நோயாளிகள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பையன் போனது தென் அமெரிக்க நாடொன்றுக்கு. பதினாறு வயதிலிருந்து பதற்ற நோய்க்காகத் தினம் ஒரு செர்ட்ராலின் மாத்திரை போட்டு வந்தவன். கிளம்பும் நாள் காலை, குளியலறை அலமாரியில் அந்தப் புட்டியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். "இனிமேல் தேவன் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன், டாக்டர்" என்றான். அடுத்து ஒன்று சொன்னான், அதுதான் உண்மையான காரணம் என்று எனக்குப் பட்டது: "ஒரே அறையில் இன்னொருவர் இருப்பார். அவர் பார்த்துவிடுவாரே."

இதைப் புரிந்துகொள்ள அங்கே வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். மிஷனரி தனியாக இருக்கக் கூடாது. துணை ஊழியர் ஒருவர் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருப்பார். முந்தாநாள் வரை முகம் தெரியாத ஒருவர். காலை 6.30க்கு எழுந்தால் இரவு 10.30க்கு விளக்கணைக்கும் வரை வேதபாடம், மொழிப்பாடம், போதிக்கும் பயிற்சி. பெயருக்கு முன் 'மூப்பர்' என்ற பட்டம் வேறு. மீசை சரியாக முளைக்காத பையனை மூப்பர் என்று கூப்பிடும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வரும். அவனுக்கு அது பாரம். மூப்பர் மாத்திரை போடுவாரா என்ன?

மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் சுரீரென்று பாய்வதுபோல் இருந்திருக்கிறது. தலைசுற்றல், குமட்டல், பயங்கரமான கனவுகள், காரணமில்லாத அழுகை. வீட்டு ஏக்கம் என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். அன்போடுதான் சொன்னார்கள், அவனுக்காக ஜெபமும் செய்தார்கள். ஜெபித்தும் சரியாகவில்லையே, தேவன் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்ற முடிவுக்கு அவன் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தான்.

மருந்தியல் பாடத்தில் ஒரு பத்தியில் முடிகிற விஷயம் இது. செர்ட்ராலின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மாதக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் இந்த அறிகுறிகள் தொடங்குவது வழக்கம். இதே வகை மருந்தான பராக்ஸெட்டினில் இது இன்னும் கடுமையாக இருக்கலாம். அதே வகையைச் சேர்ந்த ஃப்ளூவாக்ஸெட்டின் மெதுவாக வெளியேறுவதால் தாமதமாக, லேசாக வரும். இதற்கு அடிமைத்தனம் என்று பெயரில்லை. மூளை ஓர் அளவுக்குப் பழகியிருக்கிறது, அந்த அளவு திடீரென்று இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். பயிற்சி மையத்தின் முதல் வாரமும் இந்த அறிகுறிகளின் முதல் வாரமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதுதான் விபரீதம். எல்லோரும் பையனின் விசுவாசத்தைச் சோதித்துக்கொண்டிருக்க, கேட்க வேண்டிய ஒரே கேள்வி, கடைசியாக எப்போது மாத்திரை போட்டாய் என்பதுதான்.

தாயாரிடம் பேசினேன். நான்காம் நாளே புட்டியைப் பார்த்திருக்கிறார். கூடுதலாக வாங்கியது போலிருக்கிறது என்று எண்ணி மூடி வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாத்திரை போடாத பிள்ளைக்கும் முதல் வாரம் கடினம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. புதிய இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி ஆழ்ந்து தூங்காமல் காவல் காக்கிறது என்று 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மணிலாவுக்குப் போகிறவனுக்கு யூட்டா நேரத்திலிருந்து பதினான்கு, பதினைந்து மணி நேர வித்தியாசம். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். கடலோர ஊரிலிருந்து போனவனுக்கு முதல் சில நாள் தலைவலியும் தூக்கக் கெடுதியும் வந்தால் அதில் ஆன்மிகம் எதுவும் இல்லை. வீட்டு ஏக்கத்துக்கு மருத்துவ உலகில் வயது முந்நூறுக்கும் மேல். வெளியூரில் தங்கிய சுவிஸ் இளைஞர்கள் மெலிந்து வாடியதைப் பார்த்து 1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் சூட்டி ஆய்வேடே எழுதினார். 1706-இல் தரங்கம்பாடியில் மிஷனரியாக வந்திறங்கிய சீகன்பால்குக்கு எந்தப் பயிற்சி மையமும் கிடையாது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அந்த ஜெர்மானியர் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதித் தமிழ் கற்றார். முதல் வாரத்தில் அவர் மனம் என்ன பாடுபட்டதோ.

இரண்டாம் நாள் இரவு அழுகிறான் என்று பெற்றோர் எனக்குத் தொலைபேசியில் சொன்னால் நான் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. பகலில் வகுப்பில் சிரிக்கிறானா, சாப்பாடு இறங்குகிறதா, நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைகிறதா என்று கேட்பேன். குறைந்தால் அது ஏக்கம். குறையாமல், காலையில் எழவே முடியாமல், எதிலும் ருசியில்லாமல், தன்னையே சபித்துக்கொண்டு இருந்தால் வேறு. இருந்து என்ன பயன் என்று ஒரு முறை சொன்னாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். தனியாக விடக் கூடாது. அமெரிக்காவின் 988 உதவி எண்ணை வெளிநாட்டிலிருந்து அழைத்துக் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். போகும் நாட்டின் அவசர எண்ணைக் கிளம்புமுன் எழுதி வையுங்கள்.

பக்தி போலவே வேடம் போடும் நோய் ஒன்றும் உண்டு. பயிற்சி மையத்திலிருந்து திரும்பிய ஓர் இளம்பெண் என்னிடம் ஒரு குறிப்பேட்டைக் காட்டினார். 6.30க்குப் பதில் 6.31க்கு எழுந்தது, ஜெபத்தின் நடுவே பசி நினைவு வந்தது, துணை ஊழியரின் காலணியைப் பார்த்து ஒரு நொடி பொறாமைப்பட்டது. ஆறு நாள்களில் நாற்பது பக்கங்கள். தினமும் மூன்று, நான்கு முறை மையத் தலைவரிடம் போய் அறிக்கையிட்டிருக்கிறார். முதலில் இதைப் பார்த்தவர்கள் எவ்வளவு மென்மையான மனசாட்சி என்று மெச்சியிருக்கிறார்கள். இது எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) மத வடிவம். ஆங்கிலத்தில் இதை 'ஸ்க்ரூப்புலாசிட்டி' என்பார்கள்; அதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்குச் சிறு கூர்க்கல் என்று பொருள். செருப்புக்குள் சிக்கிய கல்லைப்போல ஒவ்வோர் அடிக்கும் குத்தும். கத்தோலிக்கத் துறவிகளின் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவே 1522-இல் மன்ரேசாவில் இதில் சிக்கி, சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டவர்தான்.

எப்படி அடையாளம் காண்பது? அறிக்கையிட்ட பிறகு வரும் நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். மனசாட்சி உறுத்தியவனுக்கு அது நிற்கும். இந்த நோய் உள்ளவனுக்கு ஒரு மணி நேரத்தில் கரைந்து, அடுத்த சந்தேகம் முளைக்கும். "நீ பாவம் செய்யவில்லை" என்று ஆறுதல் சொல்லச் சொல்ல அது கூடும். நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகவே வேலை செய்யும். வழிகாட்டும் போதகர் சிகிச்சையாளரோடு ஒத்துழைத்தால் பாதி வேலை முடிந்தது.

சபையின் மேல் பழிபோட்டுவிட்டு நகர்வது எளிது. அது நியாயமாக இருக்காது. புறப்படுமுன் மருத்துவப் பரிசோதனைப் படிவம் இருக்கிறது, மனநலக் கேள்விகளும் இருக்கின்றன. அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து விளக்கும் கையேட்டைச் சபையே வெளியிட்டிருக்கிறது. கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குத் தொலைபேசி என்றிருந்த பழைய வழக்கத்தை 2019 பிப்ரவரியில் மாற்றி, வாரம் ஒரு முறை பேசலாம் என்றாக்கினார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு பலருக்குப் பயிற்சியின் முதல் சில நாள்கள் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் நடக்கின்றன. ஓட்டை இருப்பது படிவத்தை நிரப்பும் கையில். "மாத்திரையைப் பற்றி எழுதினால் அனுப்ப மாட்டார்களோ" என்று பயந்து பேனாவைத் தள்ளிவைப்பது பல நேரம் பெற்றோர்தான். சில நேரம், வெட்கத்தோடு சொல்கிறேன், பிள்ளைக்கு இரங்கி அதற்குத் தலையாட்டும் மருத்துவரும்.

மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்வியே தவறு என்று நான் சொல்லவில்லை. நிறுத்த வேண்டுமானால் மருத்துவரோடு பேசி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, பிறகு பல மாதம் வீட்டில் இருந்து பார்த்துவிட்டுப் போகட்டும். விமானம் ஏறும் மாதம் அதற்கான மாதமே அல்ல. போடுகிறவர்கள் கைப்பையில் எடுத்துப்போகட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் இருக்கட்டும். நாட்டுக்கு நாடு வணிகப் பெயர் மாறும். ஆம்ஃபெட்டமின் கலந்த, கவனக்குறைவு நோய்க்கான (ஏடிஎச்டி) மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோவது சட்டப்படி குற்றம், அங்கே போகிறவர்கள் முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். வாராந்திர அழைப்பில் "சந்தோஷமா இருக்கிறாயா?" என்று கேட்டால் எந்த மூப்பரும் ஆமாம் என்றுதான் சொல்வார். தூங்கினாயா, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேளுங்கள். அதே கேள்விகள், குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் பிள்ளைகளை ரோமாபுரி வரை அனுப்பிவைக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கும் பொருந்தும்.

அந்தப் பையன் மருந்தை மறுபடி தொடங்கிய சில நாள்களில் மின்சாரம் நின்றது. பதற்றம் அடங்க இரண்டு மாதம் பிடித்தது. தேவன் தன்னை வேண்டாம் என்றார் என்ற எண்ணம் போக அதைவிட நீண்ட காலம். இப்போது வீட்டில் இருந்தபடியே செய்யும் சேவை ஊழியத்தில் சேர்ந்து ஓர் உணவுக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான், பெயர்ப்பட்டை திரும்பிவிட்டது. போன மாதம் வந்தவன், ஏழு நாள்களுக்கும் தனித்தனி அறை வைத்த மாத்திரைப் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினான். திங்கள், செவ்வாய், புதன் காலி. அன்று வியாழன். அந்த அறை நிரம்பியிருந்தது.

"காலையில் மறந்துவிட்டேன், டாக்டர்."

எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.