செக்டர் அளவு தெரியாமல் வட்டில் எழுதாதீர்கள்

தரவு மீட்புப் பணியில் எனக்கு மிகுந்த வருத்தம் தருபவை தாமாகப் பழுதான வட்டுகள் அல்ல; நல்ல நிலையில் இருந்தும் வட்டின் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டி நேரடியாகத் திருத்தவிடும் ஹெக்ஸ் எடிட்டரால் கெடுக்கப்பட்டவையே. அண்மையில் அப்படி ஒரு 4 டிபி வட்டு வந்தது.

பல ஆண்டுகள் யூஎஸ்பி பெட்டியில் ஓடிய அந்த வட்டை, பெட்டியின் இணைப்பு தளர்ந்ததால், உரிமையாளர் கழற்றி சாட்டா கேபிளில் நேரடியாக இணைத்திருக்கிறார். கோப்புகள் எதுவும் தெரியவில்லை. வட்டு எழுதவும் வாசிக்கவும் பயன்படுத்தும் மிகச்சிறிய துண்டே செக்டர். முதல் செக்டரை எடிட்டரில் திறந்து பார்த்தபோது, அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் இருக்கவேண்டிய அடையாளக் குறி 55 ஏஏ என்று சரியாகவே இருந்தது. பார்ட்டிஷன், அதாவது கோப்புகளுக்கான வட்டுப் பகுதி, தொடங்கும் செக்டர் 256 என்றிருந்தது. அதை 512ஆல் பெருக்கி 1,31,072ஆவது பைட்டுக்குப் போனவர், அங்கே வெறும் பூஜ்யங்களைக் கண்டு, தொடக்க எண்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினார்.

எண் கெடவில்லை. முதல் செக்டரிலுள்ள எம்பிஆர் என்ற பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்டுகளே உண்டு என்பதால், 512 பைட் செக்டர்களைக் கொண்டு சுமார் 2.2 டிபிக்கு மேல் குறிக்க முடியாது. இதைத் தாண்டவே சில யூஎஸ்பி பெட்டிகள் செக்டர் அளவை 4096 என்று கணினிக்குக் காட்டுகின்றன. 256ஐ 4096ஆல் பெருக்கினால் 10,48,576. பார்ட்டிஷனின் முதல் செக்டரான பூட் செக்டர் அந்த இடத்தில் சேதமில்லாமல் இருந்தது. அதே வகைப் பெட்டியில் மீண்டும் பொருத்தியிருந்தாலே வட்டு திறந்திருக்கும்.

அவரோ 512 பைட் செக்டர் வட்டுகளில் வழக்கமான தொடக்க எண்ணான 2048ஐ எழுத முனைந்தார். இந்த அட்டவணையில் சிறிய மதிப்புள்ள பைட்டே முதலில் வரும் என்பதால், 2048ஐ (பதினாறடிமானத்தில் 800) 00 08 00 00 என்று எழுதவேண்டும். அவர் 00 00 08 00 என்று எழுதிச் சேமித்ததால் தொடக்கம் 5,24,288ஆவது செக்டருக்குத் தாவியது. ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டதும் ஒப்புக்கொண்டார். புதிய கோப்பு அட்டவணை பழைய கோப்புகளின் மேலேயே எழுதப்பட்டது. அப்படி மேலெழுதப்பட்டதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது; இதை அவரிடம் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: எடிட்டரில் வட்டை வாசிக்க மட்டும் திறந்து, அது காட்டும் செக்டர் அளவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இயன்றால் முழு வட்டையும் நகலெடுத்து, நகலில் மட்டும் திருத்துங்கள். எம்பிஆருக்குப் பதிலாக ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை கொண்ட வட்டு என்றால், அந்த அட்டவணையின் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) ஒரு பைட்டை மாற்றினாலும் அதிலுள்ள சிஆர்சி32 என்ற சரிபார்ப்பு மதிப்பையும் திரும்பக் கணக்கிட்டு எழுதவேண்டும். நகலெடுக்க இடமே இல்லையென்றால், தொடப்போகும் செக்டரையாவது வேறொரு வட்டில் தனிக் கோப்பாகச் சேமித்துவிட்டு எழுதுங்கள்; எடிட்டரை மூடிய பிறகு பழைய பைட்டுகள் அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கும்.