மூன்று கிட், ஆறு கோடு: நாய்க்கு இன்னும் நோய் இருக்கிறதா?

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டும் ஒருவர் போன ஆடியில் கால்நடை மருத்துவரான என்னிடம் தன் நாயைக் கூட்டி வந்தார். நாய் நன்றாகத்தான் இருந்தது. மேசையில் ஏற்றியதும் என் கையை நக்கியது. வாடியிருந்தது அவர் முகம்தான். துணிப்பையைப் பிரித்து, விரல் நீளப் பிளாஸ்டிக் ரத்தப் பரிசோதனைக் கிட் மூன்றை என் முன்னால் வரிசையாக வைத்தார். பத்து மாதத்துக்குள் மூன்று இடங்களில் எடுத்தவை. மூன்றிலும் இரண்டிரண்டு கோடு, அதாவது 'பாசிட்டிவ்'.

"சாரே, மூணு தடவ மருந்து முழுசா குடுத்தாச்சு. பின்னயும் கோடு விழுது. எனக்க பட்டிக்கு இது மாறவே மாறாதா?"

நாய்க்கு வந்தது எர்லிக்கியா. நம் ஊரில் 'டிக் பீவர்' என்று சொல்வார்களே, அந்தக் கூட்டத்தில் ஒன்று. கறாராகப் பார்த்தால் எர்லிக்கியா பாக்டீரியா. பேபீசியா மாதிரி ஒட்டுண்ணி இல்லை. ஆனாலும் உண்ணிதான் இதையும் சுமந்து வருகிறது, கிட்டுகளும் சேர்த்தே விற்கப்படுகின்றன. முதல் தடவை காய்ச்சல் இருந்தது, ஈறில் ரத்தப் புள்ளிகள் இருந்தன, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் முப்பதாயிரத்துக்கு இறங்கியிருந்தது. அன்றைக்கு அந்தக் கிட்டும் சரி, 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் சரி. அடுத்த இரண்டு கிட்டுகள்தான் கோளாறு. 'நோய் போய்விட்டதா' என்ற கேள்விக்கு அந்தக் கிட்டிடம் பதிலே கிடையாது.

அவருக்கு நான் மரச்சீனி (மரவள்ளி) விளையை வைத்துச் சொன்னேன். விளைக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் அதன் முடியோ விட்டையோ கிடக்கும். அது ஆன்டிஜென், வந்தவனின் சொந்தச் சரக்கு. பன்றி வந்து போனதைப் பார்த்துவிட்டு நீங்கள் கட்டுகிறீர்களே வேலி, அது ஆன்டிபாடி, உடம்பு தன் பங்குக்குச் செய்தது. பன்றி காட்டுக்குத் திரும்பிய பிறகும் வேலி நிற்கும். வேலியைக் காட்டி 'பன்றி உள்ளே நிற்கிறது' என்று சொல்ல முடியுமா? அவர் கொண்டுவந்த மூன்றும் வேலியைத் தேடும் கிட்டுகள். எர்லிக்கியா ஆன்டிபாடி மருந்துக்குப் பிறகும் பல மாதம், சில நாய்களில் வருடக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும்.

மறுபக்கமும் உண்டு. பன்றி இறங்கிய அன்றே வேலி எழும்பாது. உண்ணி கடித்து ஒன்றிரண்டு வாரத்தில், காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களில் எடுத்த கிட் ஒரே கோடு காட்டி ஏமாற்றிவிடும். அந்த நேரத்தில் ரத்த எண்ணிக்கையும், ரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் ஸ்மியரும், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆரும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

நாயின் பிளேட்லெட் பார்த்தோம். இரண்டு லட்சத்துக்கு மேல், அதாவது இயல்பு நிலை. நாலாவது கிட் வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு உண்ணி மாத்திரை வாங்குங்கள் என்றேன். பழுப்பு நாய் உண்ணி நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் இடுக்கில் இருக்கும் நேரமே அதிகம்; முட்டையும் அங்கேதான் இடும். வீட்டை விட்டுவிட்டு நாயை மட்டும் கழுவினால் உண்ணி திரும்ப ஏறும்.

சரி, ஆன்டிஜென் கிட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? மார்த்தாண்டம் பக்கத்து லேப்ரடார் ஒன்று எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தது. தோலில் சொறி, அங்கங்கே சிறு கட்டி. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூல் நூலாகக் குட்டிப் புழுக்கள் நெளிகின்றன. இதயப்புழு ஆன்டிஜென் கிட் போட்டேன். நெகட்டிவ். புழு கண்ணெதிரே நெளிகிறது, கிட் இல்லை என்கிறது.

இரண்டுமே பொய் சொல்லவில்லை. அந்தக் கிட் தேடுவது டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்ற இதயப்புழுவின் வளர்ந்த பெண் விடும் பொருளை. லேப்ரடாரிடம் இருந்தது அதன் பங்காளி, டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ். குடியிருப்பது தோலுக்கு அடியில். கேரளத்தில் மனிதர்களின் கண் சவ்வுக்கு அடியிலிருந்து எடுத்ததாக மருத்துவ இதழ்களில் பலமுறை வந்திருக்கிறதே, அதே புழு. இதைப் பரப்புவது கொசு. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் கொசுவை யாரும் நிறுத்துவதில்லை. வெட்டு நின்ற மழை நாட்களில் மரத்தில் நிமிர்ந்தே விட்டுப் போகிற ரப்பர் சிரட்டை ஒவ்வொன்றும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். கவிழ்த்து வைக்க ஒரு நொடி கூட ஆகாது.

உண்மையான இதயப்புழுவே இருந்தாலும் இந்தக் கிட் தவறவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. கொசு கடித்து முதல் ஆறு மாதத்துக்கு வளர்ந்த பெண் புழுவே இருக்காது. ஆண் புழு மட்டும் இருந்தாலும் கோடு விழாது. இன்னொன்று எனக்கே வியப்பான விஷயம்: நாயின் ஆன்டிபாடியே ஆன்டிஜெனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிட்டின் கண்ணில் படாமல் மறைத்துவிடும். சில ஆய்வகங்களில் ரத்தத்தின் தெளிநீரான சீரத்தைச் சூடாக்கி அந்தப் பிடியை விடுவித்துவிட்டு மறுபடி பார்க்கிறார்கள்.

இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. குட்டிப் புழு தெரிந்ததும் மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி வாங்கிக் குத்திவிடுவோர் இங்கே நிறைய. அது இதயப்புழுவாக இருந்து, குட்டிப் புழுக்கள் ஒரே நேரத்தில் கொத்தாகச் செத்தால் நாய் அதிர்ச்சியில் சரிந்து விழலாம். ஊசிக்கு முன்னால் எந்தப் புழு என்று தெரிந்திருக்க வேண்டும்.

சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் பற்றி ஒரு பத்தி மட்டும். மாட்டு ஈ பரப்பும் டிரிப்பனோசோமா இவான்சையைக் குதிரையிலும் ஒட்டகத்திலும் 1880-ல் அன்றைய பஞ்சாபில் முதலில் கண்டவர் கிரிஃபித் இவான்ஸ். இந்த உயிரி ரத்தத்துக்குள் தன் மேலுறையைச் சட்டை போல மாற்றிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒரு சட்டைக்கு ஆன்டிபாடி தயாரித்து முடிப்பதற்குள் அது வேறொன்றைப் போட்டிருக்கும். காய்ச்சல் விட்டு விட்டு வருவது அதனால்தான். பெரும்பாலான வகைகள் தொடக்கத்திலேயே போடும் ஒரு சட்டையைக் கண்டுபிடித்து, அதை வைத்துத்தான் சர்ரா ஆன்டிபாடியைத் தேடும் அட்டைப் (கார்டு) பரிசோதனையைச் செய்திருக்கிறார்கள்.

மாட்டுக்கு வருவோம். தோவாளைச் சானல் கரையிலோ அனந்தனாறு கரையிலோ மேயும் பசுவுக்குத் தாடைக்குக் கீழே நீர் தொங்குகிறது, பால் குறைகிறது. சாணம் பார்த்தால் 'முட்டை இல்லை'. கல்லீரல் தட்டைப்புழு, நம் பக்கத்தில் ஃபாசியோலா ஜைகான்டிகா, புல்லோடு உள்ளே போய் முட்டை வெளிவர மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். குட்டிப் புழு கல்லீரலைத் துளைத்துக்கொண்டு போகிற அந்தக் காலம் முழுக்கச் சாணம் சுத்தமாகவே இருக்கும். பிறகும் முட்டை பித்தப்பையில் தங்கித் தங்கித்தான் வரும். ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. ரத்தத்தில் ஆன்டிபாடி சில வாரத்திலேயே தெரிந்துவிடும், ஆனால் புழு செத்த பிறகும் மாதக்கணக்கில் போகாது. சாணத்திலேயே புழுவின் ஆன்டிஜெனைத் தேடும் எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. முட்டைக்கு முன்னாலேயே காட்டும், மருந்து பிடித்தால் சில வாரத்துக்குள் மறையும். மருந்து வேலை செய்ததா என்று கேட்க ஏற்றது இதுதான். கிராம மருந்தக மேசையில் கிடைக்கிற பொருள் இல்லை என்பதுதான் வருத்தம். ஆன்டிபாடிக்கும் ஒரு பயன் இருக்கிறது: ஒரே கரையில் மேயும் மாடுகளில் நாலைந்துக்குப் பார்த்தால் அந்தக் கரை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். அங்கே அறுத்த புல்லைக் காயவைத்துப் போடச் சொல்ல அது போதும்.

பூனை விஷயத்தில் கதை தலைகீழ். இரணியலிலிருந்து ஒரு அம்மை பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். "மோளு நாலு மாசம் டாக்டரே. பூனைக்கு டாக்ஸோ இருக்குன்னு ரிப்போர்ட். கொண்டு விட்டுரவா?" மகள் நாலு மாதக் கர்ப்பிணி, வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்ற பயம். அந்த ரிப்போர்ட்டில் இருந்தது ஐஜிஜி என்ற ஆன்டிபாடி, அதாவது பழைய வேலி. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முதல் தடவை தொற்றும்போது பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதை வெளியேற்றும். ஐஜிஜி தெரிகிற நேரத்தில் பெரும்பாலும் அந்தக் கட்டம் முடிந்திருக்கும். இனிமேல் எலி தின்று புதிதாகத் தொற்று வாங்கக்கூடியது நெகட்டிவ் பூனைதான். வெளியான மலமும் தொற்ற ஒரு நாளாவது வேண்டும். மணல் தட்டைத் தினமும் மகள் அல்லாத யாராவது மாற்றட்டும், ஆட்டுக்கறியை நன்றாக வேக வையுங்கள், தோட்டத்து மண்ணைக் கிளறினால் கையைக் கழுவச் சொல்லுங்கள், மகளின் ரத்தப் பரிசோதனையை அவளுடைய டாக்டரிடம் பேசுங்கள் என்று அனுப்பினேன். கூடையில் கிடந்த பூனை இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

கன்றுகளுக்கு ஆன்டிபாடி பார்க்கும்போது சீம்பாலை மறந்துவிடக் கூடாது. பசுவின் நஞ்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி கன்றுக்குப் போகாது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் போகிறது. இரண்டு மாதக் கன்றுக்கு 'பாசிட்டிவ்' வந்தால் அது தாயின் கணக்காகவும் இருக்கலாம். இதையே திருப்பிப் போட்டால் நல்ல ஆயுதம். சீம்பால் வாயில் படுவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால், அது கன்று வயிற்றுக்குள்ளேயே தானாகச் செய்தது. நோய் உள்ளேயே தொற்றியிருக்கிறது.

பசு ஐந்தாறு மாதத்தில் கன்று வீசுவதற்கு, அதாவது கருச்சிதைவுக்கு, காரணமான நியோஸ்போரா கேனைனம் என்ற ஒட்டுண்ணி இப்படித்தான் தாயிடமிருந்து கன்றுக்கு இறங்குகிறது. அதன் வாழ்க்கைச் சுற்று முடிவது நாயின் குடலில் என்பது 1998-ல்தான் உறுதியானது. தொற்றுள்ள நஞ்சுக்கொடியைத் தின்ற நாய் தீவனத்தில் மலம் கழித்தால் அடுத்த பசுவுக்கும் போகும். நம் பெரியவர்கள் கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டது ஆலம்பால் போலப் பால் சுரக்கட்டும் என்பதற்காக. நாய்க்கு எட்டாமல் போனது கூடுதல் லாபம்.

பூதப்பாண்டிப் பக்கம் இரண்டு வருடத்தில் மூன்று பசு கன்று வீசிய ஒரு தொழுவத்துக்குப் போயிருந்தேன். கொடியை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் வைக்கோல் போருக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே நாய் படுத்திருந்தது. புருசெல்லா என்ற பாக்டீரியாவும் இப்படிக் கன்று வீச வைக்கும், மனிதருக்கும் தொற்றும். அதனால் கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லி, இரண்டுக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்தேன். மீதி ஒரு பசு மார்கழியில் ஈனும். ராத்திரி எந்நேரமானாலும் சரி, கன்று மடியில் வாய் வைப்பதற்கு முன் எனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் ரத்தம் எடுத்துவிட்டு நானே சீம்பாலைக் குடிக்க விட்டுவிடுவேன்.