செம்மண்ணில் புதைந்த இரும்பு: குண்டு தேடும் கருவிக்கு எப்படிப் பரீட்சை வைப்பது?

பெங்களூர்ச் செம்மண்ணில் காந்தப்புலத்தை அளக்கும் மேக்னெட்டோமீட்டரோடு நடந்தால், புதைந்த இரும்புக்கு நேர் மேலே அளவு பெரும்பாலும் ஏறாது, இறங்கும். இங்கே பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. அதன் திசை ஏறக்குறைய கிடைமட்டம். அந்தத் திசையிலேயே இரும்பும் காந்தமாகிறது. அதன் மேல்பக்கத்தில் அது உண்டாக்கும் புலமோ எதிர்த்திசையில் ஓடுவதால் மொத்தம் குறைகிறது. வடக்கிலும் தெற்கிலும் மட்டும் அளவில் லேசான மேடு தெரியும். ஐரோப்பாவில் இதே இரும்பு தனக்கு நேர் மேலே மேட்டைக் காட்டும். மேட்டைத் தேடப் பழகிய மென்பொருளை இங்கே அப்படியே ஓட்டினால் கடப்பாரை தவறான இடத்தில் இறங்கும். வெடிக்காத குண்டைத் தேடும் கருவியை அது வேலை செய்யப்போகும் மண்ணிலேயே சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

சோதனைக்கு நிஜக் குண்டு கூடவே கூடாது. பிளம்பிங் கடையில் கிடைக்கும் 1 அங்குல இரும்புக் குழாயில் 4 அங்குல நீளத் துண்டு, 37 மி.மீ. விட்டமுள்ள குண்டுக்குப் பதிலாக இத்துறையில் வழக்கமாகப் புதைக்கப்படுவது. குண்டின் விட்டத்தைப்போல் 11 மடங்கு ஆழம் வரை கண்டுபிடிக்கலாம் என்பது கைக்கணக்கு. 37 மி.மீ.க்கு அது சுமார் 40 செ.மீ.; அந்த ஆழத்தைக் குழாயின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். காந்தக் குறி தூரத்தின் மும்மடியில் தேய்வதால், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 5 செ.மீ. பிழைகூடச் சிறிய விஷயமில்லை.

புதைப்பவரும் தேடுபவரும் ஒருவராக இருக்கவே கூடாது. சில குழிகளை வெட்டி, ஒன்றும் வைக்காமல் மூட வேண்டும். இல்லாவிட்டால் தரை ஊடுருவும் ரேடார் குழாயைக் கண்டதா, கிளறிய மண்ணைக் கண்டதா என்று தெரியாது. மேல்மண்ணை ஒரு சாக்கிலும் அடிமண்ணை இன்னொரு சாக்கிலும் எடுத்து, அதே வரிசையில் போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். பொதுவாக மேல்மண்ணுக்குக் காந்தத்தன்மை அதிகம். அடுக்கு மாறினால் வெறும் குழியே இரும்புபோல் குறி காட்டும்.

மின்காந்தத் தூண்டல் கருவியில் சுருளின் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தியதும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அடங்குகிறது. தடித்த எஃகில் மெதுவாக, மெல்லிய அலுமினிய டப்பாவில் வேகமாக. குண்டையும் குப்பையையும் பிரிப்பது இந்த வேறுபாடுதான். ஆனால் செம்மண்ணின் சில இரும்பு ஆக்சைடுகளும் இதேபோல் மெல்ல அடங்கும் குறி தரும். வெறும் தரைமேல் சுருளை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அளவு ஆடினால் அது மண்ணின் பேச்சு.

ஒரே கோட்டில் போய் வந்து பாருங்கள். இரு உச்சங்களும் 40 செ.மீ. விலகி நின்றால், ஜிபிஎஸ் நேரமும் சென்சார் நேரமும் ஒத்துப்போகவில்லை. போகும்போது 20, வரும்போது 20 செ.மீ. என விலகுவதால், விநாடிக்கு 1 மீட்டர் நடையில் பிழை 0.2 விநாடி.

மதிப்பெண் போடும்போதும் கவனம் தேவை. 20 குழாய்களில் 20-ஐயும் கண்டாலும், 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடிய கண்டறியும் திறன் 86% மட்டுமே. அதை 95% என்று எழுத, 59 குழாய்களை ஒன்றுகூட விடாமல் காண வேண்டும்.