செர்ரி கவுண்டி: மணல் தீர்மானித்த மக்கள்தொகை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், தெற்கு டகோட்டா எல்லையை ஒட்டி இருக்கிறது செர்ரி கவுண்டி. பரப்பு சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். கனெக்டிகட் மாநிலம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். கிழக்குப் பாதியில் ஒரு நேரம், மேற்குப் பாதியில் ஒரு மணி பிந்திய நேரம். 2020 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 5,455 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தலைமையிடமான வேலன்டைனிலேயே வசிக்கிறார்கள். கன்று ஈனும் பசுக்களை மட்டும் எண்ணினாலே ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். 1920இல் இதே கவுண்டியில் 11,753 பேர் இருந்தார்கள். எங்கே போனார்கள் என்பதற்கு விடை வேண்டுமானால் முதலில் மணலைத்தான் பார்க்க வேண்டும்.

கவுண்டியின் பெரும்பகுதி ‘சாண்ட்ஹில்ஸ்’ எனப்படும் மணற்குன்றுப் பரப்பு. மொத்தம் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் விரிந்த இது, மேற்கு அரைக்கோளத்திலேயே பெரிய மணற்குன்றுத் தொகுதி. சில குன்றுகள் 120 மீட்டர் வரை உயரம். வடிவம் பாலைவனத்து வடிவமேதான். மேலே புல் மூடியிருப்பது மட்டும் வித்தியாசம். மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று அளக்கும் முறையில் ஆராய்ந்தபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புகூட நீண்ட வறட்சிகளில் இந்தக் குன்றுகள் புல்லை இழந்து நகர்ந்திருப்பது தெரியவந்தது. புவியியல் கணக்கில் அது நேற்றைய சங்கதி.

ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் சுற்றுவட்டம். களிமண் நிலமாக இருந்தால் அந்த மழையில் பெரும்பங்கு வழிந்தோடியோ ஆவியாகியோ போய்விடும். மணலில் கதை வேறு. துகள்களுக்கு இடையே துளை பெரிது. விழுந்த நீர் ஓடாமல் நேரே கீழே இறங்குகிறது. மழை விட்டபின் மேல் மணல் சில அங்குலம் காய்ந்ததும், கீழேயுள்ள ஈரம் நுண்துளைகள் வழியே ஏறி வரும் தொடர்பு அறுந்துபோகிறது. காய்ந்த மணலே ஈரத்துக்கு மூடியாகிவிடுகிறது. கோடையில் சுடும் குன்றின் சரிவில் ஒரு முழம் தோண்டினால் கையில் ஒட்டும் ஈரமணல் கிடைப்பது இதனால்தான். அதில் பெரும்பகுதியைப் புல் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய சிறு பங்கு இன்னும் இறங்கி ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தாங்கியைச் சேர்கிறது. டெக்சாஸிலும் கன்சாஸிலும் இதே நீர்த்தாங்கி பம்பு வைத்து வற்றடிக்கப்படுகிறது. இங்கே நீர்மட்டம் பெரிதாகக் குறையவில்லை. குன்றுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வுகளில் அந்த நீர்மட்டம் தரையைத் தொடும் இடங்களில் ஏரிகளும் ஈரப் புல்வெளிகளும் இருக்கின்றன. இங்கிருந்து புறப்படும் நார்த் லூப், மிடில் லூப் ஆறுகள் ஊற்றுநீரால் ஓடுவதால் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடுகின்றன.

இவ்வளவு நீர் இருந்தும் பயிர் ஏன் வைக்கக் கூடாது? இங்குள்ள மண்ணுக்கு வேலன்டைன் மண் என்றே பெயர். கருமையான மேல்மண் ஒரு சாண்கூட இருக்காது; அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். சத்து நிற்காது, இட்ட நைட்ரஜன் உரம் நீரோடு இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும். ஏர் போட்டால் அதைவிட மோசம். குன்றைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர்வலை ஒன்றே. ஒரு மாட்டுத்தடம், ஒரு வண்டித்தடம், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மிதிபட்ட வட்டம் என்று எங்கே புல் அறுந்தாலும், குளிர்கால வடமேற்குக் காற்று அங்கே மணலை அள்ளத் தொடங்கும். பள்ளத்தின் விளிம்பில் புல் தொங்கிச் சரிய, பள்ளம் அகலும். அள்ளிய மணல் மறுபக்கத்துப் புல்லை மூடிச் சாகடிக்கும். ‘ப்ளோஅவுட்’ என்பது இதைத்தான். சரிசெய்ய வழி: முதலில் வேலி போட்டு மாட்டைத் தடுப்பது, செங்குத்தான விளிம்பை வெட்டிச் சாய்வாக்குவது, பிறகு பழைய உலர்புல்லைப் பரப்பி மணலை அசையாமல் நிறுத்துவது. விளிம்பைச் சாய்க்காமல் புல்லை மட்டும் பரப்பினால் காற்று அடியில் புகுந்து மறுபடி கிளப்பிவிடும். மாடு மிதித்துப் புல் அறுந்தால் இந்த வேலையெல்லாம் வரும் என்பதால்தான் தண்ணீர்த் தொட்டியைக் குன்றின் மேல் வைக்காமல் பள்ளத்தாக்கில் வைக்கிறார்கள்.

குடியேற்றச் சட்டங்களை எழுதியவர்களுக்கு இந்த மணல் தெரியாது. லகோட்டா பழங்குடி மக்கள் வேட்டையாடிய இந்த நிலத்தில் 1880இல் நயோப்ரரா என்ற ராணுவக் கோட்டை எழும்பியது. 1883இல் கவுண்டி உருவாகி, ரயிலும் வேலன்டைனுக்கு வந்தது. 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் தந்தது. மழை நிறைந்த கிழக்கில் அது நல்ல பண்ணை. இங்கே அது ஒன்றுக்கும் போதாது. மோசஸ் கின்கெய்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1904இல் கொண்டுவந்த சட்டம், மேற்கு நெப்ராஸ்காவின் 37 கவுண்டிகளுக்கு அதை 640 ஏக்கராக்கியது. ஐந்தாண்டு குடியிருக்க வேண்டும், ஏக்கருக்கு 1.25 டாலர் மதிப்பில் நிலத்தை மேம்படுத்த வேண்டும். ஜனம் வந்து குவிந்தது. 1900இல் 6,541ஆக இருந்த மக்கள்தொகை இருபதே ஆண்டில் 11,753. மரம் இல்லாததால் புல்தரையைச் செங்கல் போலப் பெயர்த்து வீடு கட்டினார்கள். 1907 முதல் நார்த் லூப் கரையில் கறுப்பினக் குடும்பங்கள் அமைத்த டிவிட்டியும் அப்படி எழுந்த குடியிருப்புகளில் ஒன்று. 1930களில் அதுவும் கலைந்துவிட்டது.

கணக்கு எளிது. கன்றோடு ஒரு பசுவுக்கு ஆண்டு முழுதும் தீனி கிடைக்க, உலர்புல் அறுக்கும் நிலத்தையும் சேர்த்து, சுமார் 15 முதல் 20 ஏக்கர் தேவை. அப்படியானால் 640 ஏக்கரில் முப்பது, நாற்பது பசு. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. உழுதவர்களின் நிலம் ஓரிரு போகத்தில் சத்து இழந்து பறக்கத் தொடங்கியது. பட்டா கைக்கு வந்ததும் பலர் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். சட்டம் சிறு விவசாயிகளை உருவாக்க நினைத்தது. கடைசியில் பெரிய பண்ணைகளுக்குத் துண்டு துண்டாக நிலம் சேர்த்துக் கொடுத்தது என்பதே என் கணிப்பு.

இந்தக் கவுண்டிக்குள் ஓடும் ஸ்நேக் ஆற்றின் குறுக்கே 1964இல் கட்டி முடித்த மெரிட் அணை நீர்கூட பக்கத்து பிரவுன் கவுண்டி வயல்களுக்குத்தான் போகிறது. வழியில் மணல் குடித்துவிடாமலிருக்கக் கால்வாய்க்கு 80 கிலோமீட்டருக்கும் மேல் கான்கிரீட் பூச வேண்டியிருந்தது.

பண்ணைகள் பெரிதானபின்னும் ஆட்கள் குறைந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் வேலை. குதிரை பூட்டி உலர்புல் அறுத்துப் போர் போட்ட காலத்தில் கோடைதோறும் ஒரு கூட்டமே தேவைப்பட்டது. இன்று டிராக்டரும் உருளைக்கட்டு இயந்திரமும் இருந்தால் ஓரிருவர் போதும். மேய்ச்சல் நிலமெங்கும் நிற்கும் காற்றாலைப் பம்புகளுக்கும் ஆள் வேண்டும்: மணல் கலந்த நீர் சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வாஷரைத் தேய்த்துவிடும், கம்பியை முழுவதும் மேலே இழுத்துத்தான் மாற்ற வேண்டும், காற்று நின்றால் தொட்டி வறண்டுவிடும் என்பதால் அடிக்கடி சுற்றிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைச் சூரிய மின்பம்புகள் இப்போது பிடித்துவருகின்றன.