நிஜமாக விழுந்த அடியைப் பாராட்டாதீர்கள்

போன மாதம் ஒன்பது நிமிடக் குறும்படம் ஒன்று எனக்கு வந்தது. சில நண்பர்கள், ஒரு செல்போன், கட்டி முடிக்காத ஒரு கட்டடம். நாயகன் நான்கு பேரை அடித்துப் போட்டுவிட்டுத் தம்பியை மீட்கிறான். அவ்வளவுதான் கதை. "அண்ணா, எல்லா அடியும் ஒரிஜினல். டூப் கிடையாது. பார்த்துட்டு உண்மையா சொல்லுங்க" என்று இயக்கிய பையன் எழுதியிருந்தான்.

சண்டைப் பயிற்சியாளர் என்பதால் இந்த மாதிரிப் படங்கள் எனக்கு நிறைய வரும். எதையும் இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை ரசிகனாக. அடுத்த முறை சத்தத்தை அணைத்துவிட்டு, சண்டையை மட்டும் ஃப்ரேம் ஃப்ரேமாக.

இந்தப் படத்தில் ஆறாவது நிமிடத்தில் ஒரு ஷாட். நாயகன் தள்ளியதும் ஒருவன் மாடிப்படியில் பின்பக்கமாக விழுகிறான். சத்தத்தோடு பார்த்தபோது எனக்கே திக்கென்றது. அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விழுவதற்கு முன்னால் அவன் கண் ஒருமுறை தோளுக்குப் பின்னால் போய் வருகிறது. எங்கே விழப்போகிறோம் என்று தேடுகிறான். உடனே வலது கை நேராக நீள்கிறது, உள்ளங்கை படியில் ஊன்றுகிறது, உடம்பின் எடை முழுக்க அந்த மணிக்கட்டில் இறங்குகிறது. கேமரா விலகும் கடைசி ஃப்ரேமில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிடி நடிப்பு இல்லை.

அதனால் என் பதிலில் முதல் வரியாக, "படியில விழுந்த தம்பிக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "வீக்கம் இருந்துச்சுண்ணா, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. கட்டைவிரல் பக்கம் அழுத்தினா மட்டும் இன்னும் வலிக்குதாம்" என்றான். ஷூட்டிங் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, படகு வடிவில் ஒரு சின்ன எலும்பு உண்டு. கையை நீட்டி ஊன்றி விழுகிறவர்களுக்கு விரிசல் விடுகிற எலும்புகளில் அது முக்கியமானது. முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமல் போவதுண்டு. பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கும்போதுதான் சிலருக்குப் பிடிபடும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் சேராமலே போய், கை ஊன்றும்போதெல்லாம் வலி என்று ஆகிவிடலாம். திரும்ப டாக்டரிடம் போகச் சொன்னேன். போனார்கள். விரிசல்தான். மாவுக்கட்டு போட்டார்கள்.

பின்பக்கமாக விழக் கற்றுக்கொடுக்கும்போது நாங்கள் முதலில் சொல்வது இரண்டு விஷயம்: தாடையை நெஞ்சோடு ஒட்டி வை, கையை ஊன்றாதே. மெத்தை விரித்த தரையில், உட்கார்ந்த நிலையிலிருந்து ஆரம்பிப்போம். நின்றுகொண்டு விழுவதற்கே பல நாள் ஆகும். படிக்கட்டு அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வருவது.

படத்தின் கீழே வந்திருந்த பாராட்டுகளையும் படித்தேன். பாதிக்கு மேல் அந்தப் படிக்கட்டு ஷாட்டைப் பற்றித்தான். "நிஜமாவே விழுந்திருக்கான்யா, செம தில்லு." எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் படம் எடுத்த பையன்களுக்கு அதில் கிடைக்கிற பாடம் என்ன? அடுத்த படத்தில் இன்னும் உயரமான இடம் வேண்டும் என்பதுதான். அமெச்சூர் படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவரின் வார்த்தை பெரிய படத்துக்கு எழுதுகிறவரின் வார்த்தையைவிட ஆழமாக இறங்கும். படித்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்று, நிஜ அடி திரையில் எடுபடுவதும் இல்லை. நிஜமாகக் குத்தும் கை குறுகிய தூரம் போய்ச் சட்டென்று திரும்பிவிடும். வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது சில ஃப்ரேம்களிலேயே முடிந்துபோகும். கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. திரையில் நாம் நம்புகிற குத்து பெரிய வளைவாக வருவது. கேமரா ஒருவருடைய தோளுக்குப் பின்னால் இருக்கும். முஷ்டியும் எதிராளியின் முகமும் லென்ஸுக்கு ஒரே கோட்டில் வரும். நடுவில் ஒரு சாண் இடைவெளி தாராளமாக இருக்கும், அது தெரியாது. கேமராவைப் பக்கவாட்டில் வைத்தால் அந்த இடைவெளி பல்லிளிக்கும். அப்படி வைத்துவிட்டுத்தான் "தள்ளி அடிச்சா தெரியுதுண்ணா" என்று பையன்கள் நிஜமாக அடிக்க ஆரம்பிக்கிறார்கள். கேமராவை நாலடி நகர்த்தியிருந்தால் போதும். செல்போனில் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் தூரமாகப் போய் நின்று எடுக்கலாம், இடைவெளி இன்னும் சுருங்கித் தெரியும்.

அதைவிட முக்கியம், அடியை நம்பவைப்பது அதை வாங்குகிறவன். அவன் தலை சரியான திசையில், சரியான நொடியில் திரும்ப வேண்டும். நிஜமாக அடி வாங்கியவன் கண்ணை மூடி உடம்பை இறுக்கிக்கொள்வான், அது மந்தமாகத் தெரியும். மிச்சத்தைச் சத்தம் பார்த்துக்கொள்ளும். தோல் பையை ஓங்கித் தட்டினால் குத்து, செலரிக் கீரைத் தண்டை முறித்தால் எலும்பு. இந்தப் படத்தில் எல்லாக் குத்துக்கும் ஒரே சத்தம்தான். அதை மாற்றச் சொன்னேன், அதற்குப் பணமே தேவையில்லை.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். வெற்றுத் தோட்டா, அதாவது முனை இல்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள தோட்டா, என்றால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்பு இடைவேளையில் விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டது வெற்றுத் தோட்டாவைத்தான். அதன் அழுத்தத்திலேயே மண்டையோடு உடைந்து, சில நாளில் இறந்துபோனார். 1993-இல் புரூஸ் லீயின் மகனான நடிகர் பிராண்டன் லீ இறந்ததும் படப்பிடிப்பில்தான். முன்பு காட்சிக்காகப் பயன்படுத்திய, வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவின் முனை குழலுக்குள் சிக்கியிருந்தது, அப்புறம் சுட்ட வெற்றுத் தோட்டா அதைத் தள்ளிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் நிறைந்த செட்டில் நடந்தவை இவை. குறும்படத்துக்குப் பிளாஸ்டிக் பொம்மை போதும், நெருப்பை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பொம்மையையும் பொது இடத்தில் யாருக்கும் சொல்லாமல் நீட்டக் கூடாது. தெருவில் போகிறவருக்கு அது நிஜத் துப்பாக்கிதான்.

தலையில் அடி பட்டவனை "நல்லாத்தான இருக்கான்" என்று அடுத்த டேக்குக்கு நிறுத்தவும் கூடாது. தலைவலி, குழப்பம், வாந்தி எல்லாம் கொஞ்ச நேரம் கழித்துக்கூட வரலாம். அன்றைக்கு அவனுக்குச் சண்டை முடிந்தது. தனியாக விடாமல் யாராவது கூட இருந்து, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சரி, அப்படியானால் எதைப் பாராட்டுவது? இந்தப் படத்திலேயே இருக்கிறது. மூன்றாவது ஆளை அடித்துவிட்டு நாயகன் தம்பியின் கட்டை அவிழ்க்க உட்காருகிறான். விரல் நடுங்குகிறது, முடிச்சு அவிழவில்லை. இடது கையால் முயற்சி செய்கிறான், அப்புறம் பல்லால் கடித்து இழுக்கிறான். அதற்குள் நான்காவது ஆளின் காலடிச் சத்தம் கேட்கிறது. பதினைந்து வினாடி. அத்தனை நேரம் போட்ட சண்டையின் களைப்பு அந்த விரலில் தெரிந்தது. வாசல் எந்தப் பக்கம், எதிரி எந்தப் பக்கம் என்று எனக்குக் குழப்பமே வரவில்லை. பெரிய பட்ஜெட் சண்டைகளிலேயே இந்த இரண்டும் பல நேரம் கிடைப்பதில்லை. ஒரு பாராட்டில்கூட அந்த ஷாட் இல்லை. என் பதிலில் அதற்கு ஒரு பத்தி முழுக்க எழுதினேன்.

விமர்சனம் எழுதும்போது படத்தின் புள்ளி புள்ளியான இருட்டையும் சுமாரான லென்ஸையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. எந்த அடி எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஒத்திகை எத்தனை நாள், முதலில் பாதி வேகத்தில் செய்து பார்த்தார்களா, யாராவது ஒருவர் "நிறுத்து" என்றால் எல்லோரும் நிற்பார்களா என்று கேட்பேன். கேமராவுக்கு முக்கால் வேகம் போதும் என்பது பையன்களுக்குத் தெரிவதில்லை. சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இந்தப் பையன்களும் புரிந்துகொண்டார்கள். கட்டுப் போட்ட கையோடு அந்தத் தம்பி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க, படிக்கட்டுக் காட்சியை மட்டும் திரும்ப எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வேறொரு பையனுக்கு அதே சட்டை. மேல் படியில் செருப்பு வழுக்குகிறது. அடுத்த ஷாட்டில் காலிப் படிக்கட்டு, உருளும் சத்தம் மட்டும், அந்த ஒற்றைச் செருப்பு தட்டித் தட்டி இறங்கி வருகிறது. அப்புறம் கீழே கிடக்கிற உடம்பு. யாரும் விழவே இல்லை, பழைய ஷாட்டைவிட எனக்கு அதிகமாக வலித்தது. கடைசி ஷாட்டில் மட்டும் பையனின் வயிறு ஏறி இறங்குகிறது. அதை அரை வினாடி முன்னாலேயே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.